குறையாத பி பாட்டில்

ஈச்சங்குறிச்சியில் தண்ணீரோடு தண்ணீரைக் கலந்தால் சூடு வரும். இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரித்தால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை. பாவம், உங்க ஊர்த் தண்ணி அப்படிப் போலிருக்கு என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார்கள். ஆனால் எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஆகிவிடாது. ஒருவர் ஒரு மணி நேரம் மடியில் வைத்திருந்த தண்ணீரும் இன்னொருவர் ஒரு மணி நேரம் மடியில் வைத்திருந்த தண்ணீரும் வேண்டும், அவை இரண்டும் தென்காசி ரோட்டில் இருக்கும் மருந்துச் சோதனைக்கூடத்துச் சூட்டுப்பெட்டிக்குள் போய்க் கலக்க வேண்டும், அதற்கு அங்கே வேலை பார்க்கும் தங்கப்பழம் வந்து பொத்தானை அழுத்த வேண்டும்.

பெட்டிக்குப் படித்தவர்கள் வைத்த பெயர் நுண்வெப்பமானி. எறும்பு பெருமூச்சு விட்டால்கூட அது எத்தனை சூடு என்று சொல்லிவிடும் என்று சோதனைக்கூடத்துப் பெரியவர் எட்வின் சார் பெருமையடிப்பார். பெட்டிக்குள் இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்கள் போகும், ஒன்று ஏ, மற்றது பி. பெட்டி வாசலில் ஒரு பம்ப் உண்டு. அதில் உருளைகள் சுற்றிச் சுற்றிக் குழாயை அழுத்தி, மாட்டின் மடியிலிருந்து பால் கறப்பதுபோல, திரவத்தைத் தள்ளிவிடும். இரண்டும் உள்ளே கட்டைவிரல் அளவு அறையில் சந்திக்கும், சந்தித்த சூடு திரையில் மைக்ரோவாட் கணக்கில் எண்ணாக எழும்பும், கலந்த தண்ணீர் மூன்றாவது குழாய் வழியாகக் கழிவுக் கேனில் சொட்டும். மற்ற நாட்களில் மருந்தை மூடிய குப்பியில் அடைத்து உள்ளே இறக்கி, அது கெட்டுப்போகிறதா என்று பார்ப்பார்கள். குழாய்க்கு வேலை வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும்தான், அதுவும் ஊருக்காக.

இது ஆயுத பூஜைக்கு மறுநாள் தொடங்கியது. பூஜையன்று தங்கப்பழம் பெட்டியைத் துடைத்து, பம்பைக் கழற்றித் துடைத்து, எல்லாவற்றுக்கும் தாராளமாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தான். முப்பத்தேழு வயது ஆனாலும் அவனுக்குச் சந்தனத்தில் கை சுருங்காது. மறுநாள் குழாயைக் கழுவ இரண்டு பக்கமும் வெறும் தண்ணீரை ஓட்டினான். ஏ பாட்டிலைக் கொண்டுவந்தவள் கூட்டிப் பெருக்கும் இசக்கி. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் வாசலில் நின்று பேசிவிட்டுத்தான் வந்தாள். பி பாட்டிலைக் கொண்டுவந்தவர், அவள் யாரோடு பேசினாளோ அந்த வாட்ச்மேன் துரைராசு. திரையில் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் முப்பத்தாறு வந்தது.

தங்கப்பழம் எட்வின் சாரைக் கூப்பிட்டான். எட்வின் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், புதுத் தண்ணீரை ஓட்டச் சொன்னார், பூஜ்யம் வந்தது. இசக்கியையும் துரைராசுவையும் மறுபடி ஒரு மணி நேரம் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார், முப்பத்தாறு வந்தது. அவர் நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டு, "சரி, மத்த வேலையைப் பாருங்கப்பா" என்றார். சாயங்காலத்துக்குள் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, இசக்கியும் புருஷனை இழந்தவள், துரைராசுவும் பெண்டாட்டியை இழந்தவர் என்பதால் ஊருக்கு அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு பேச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு ஜோடி வந்தது, அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இருபது. எட்வின் சார் முதலில் முறைத்தார், பிறகு காசு வாங்கக் கூடாது, செருப்பை வெளியே விட வேண்டும் என்று இரண்டு சட்டம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். சைக்கிள் ஷெட்டில் பெஞ்சு போட்டு, சலைன் பாட்டிலில் காய்ச்சி வடித்த தண்ணீரைக் கழுத்து வரை ஊற்றி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கண்ணு பட்டுவிடும் என்று பாட்டிலுக்கு மஞ்சள் துணி சுற்றும் வழக்கம் எப்படியோ வந்து சேர்ந்தது. யார் ஏ, யார் பி என்று சண்டை வருவதற்கு முன்பே அதற்கும் ஒரு முறை வந்துவிட்டது: மாப்பிள்ளை ஏ, பெண் பி, மாமியார் ஏ, மருமகள் பி, அண்ணன் ஏ, தம்பி பி. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, சும்மாவே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சூடு என்றால் பிரியமா கோபமா என்று கேள்வி எழுந்தபோது பஞ்சாயத்து கூடி ஓர் அட்டவணை போட்டது. ஒன்றிலிருந்து பத்து வரை ஆறிப்போனது, முப்பதிலிருந்து அறுபது வரை நல்ல குடும்பம், நூறைத் தாண்டினால் தனிக் குடித்தனம். ஜோசியர்கள் ஒரு மாதம் முகம் கறுத்துத் திரிந்துவிட்டுப் பிறகு பத்துப் பொருத்தத்தோடு மைக்ரோவைப் பதினோராவதாகச் சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்புக்குக் கீழே 'நாற்பத்தொரு மைக்ரோ' என்று அச்சடித்தார்கள். டீக்கடையில் ஸ்ட்ராங் டீக்கு அறுபது என்று பெயர் விழுந்தது. அரிசி மில் மாசானம் அண்ணாச்சியும் அவர் தம்பியும் வந்து உட்கார்ந்து நூற்று நாற்பது காட்டியபோது, அன்று சாயங்காலமே மில்லுக்கு நடுவே சுவர் எழும்பியது. நெல் ஒரு பக்கம், உமி ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. ஒரே ஒரு கல்யாணப் பெண் மட்டும், எங்க பாட்டில்ல தண்ணி குறையவே இல்லையே என்று முணுமுணுத்தாள். நீ அடக்கமான பொண்ணுன்னு அதுக்கு அர்த்தம் என்று மாமியார் மஞ்சள் துணியை இழுத்து மூடிவிட்டாள்.

இத்தனை பேருக்குப் பொத்தானை அழுத்திய தங்கப்பழத்துக்குப் பெண் அமையவில்லை. பெண் வீட்டார் வருவார்கள், தங்கப்பழம் என்று பெயரைக் கேட்டதும் பெண்ணின் தங்கச்சிகள் சிரிப்பார்கள், காபி குடித்துவிட்டுப் போவார்கள். இந்த வைகாசியில்தான் பிரம்மசக்தி வந்தாள். எடையளவு ஆய்வாளர், கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுகிற உத்தியோகம், முப்பத்து நான்கு வயது, மாப்பிள்ளை வீட்டுக் காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் அது எத்தனை மில்லி பிடிக்கும் என்று ஒரு கணம் பார்த்தாள். தங்கப்பழத்துக்கு அங்கேயே மனசு போய்விட்டது. இத்தனை வருஷம் இந்தப் பொம்பளைக்காகத்தான் ஒன்றும் அமையாமல் இருந்திருக்கிறது என்று அவன் அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னான். அவன் அப்படியெல்லாம் பேசுகிறவனே இல்லை. அம்மா பயந்துபோய்த் திருநீறு பூசிவிட்டாள்.

நிச்சயத்துக்கு முன்னால் பெட்டி பார்க்க வேண்டும் அல்லவா. வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டு ஜனமும் சைக்கிள் ஷெட்டில் நிறைந்துவிட்டது. தங்கப்பழமே உட்காருகிறான் என்றால் திரை எரிந்துபோகும் என்று தரகர் மாரித்துரை எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஏ, பெண் பி. ஒரு மணி நேரம் இருவரும் மடியில் பாட்டிலோடு உட்கார்ந்தார்கள். பொத்தானை எட்வின் சார் அழுத்தினார். உருளைகள் சுற்றின. திரையில் பூஜ்யம் வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, இன்னும் கொஞ்ச நேரம் நின்றது, பூஜ்யமாகவே நின்றது.

எட்டு மாதத்தில் ஒரு ஜோடிக்கும் பூஜ்யம் வந்ததில்லை. அடித்துக்கொண்டு பிரிந்தவர்களுக்குக்கூட ஒன்பது, எட்டு என்று ஏதாவது வந்திருந்தது. பஞ்சாயத்து அட்டவணையில் பூஜ்யத்துக்கு வரியே இல்லை. "பேசாம கல்லுக்குக் கட்டி வச்சிரலாம்" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். பெண்ணின் தாய்மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லி அனுப்புதோம்" என்றார். அது எப்படிப்பட்ட பதில் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். கேசரி மட்டும் மிச்சமில்லாமல் காலியானது.

தங்கப்பழம் அன்று தூங்கவில்லை. பிரியம் இருக்கிறது என்று நெஞ்சு சொல்கிறது, இல்லை என்று பெட்டி சொல்கிறது, எட்டு மாதமாக நூற்றுக்கணக்கான பேருக்கு அவன் பெட்டி பேச்சைத்தான் கேட்கச் சொல்லியிருக்கிறான். இப்போது தனக்கு என்று வந்ததும் மாற்றிப் பேச வெட்கமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவன் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பிரம்மசக்தி தனியாக வந்தாள். தோளில் எடைக்கல் பை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, பெட்டியை மேலும் கீழும், கடையில் தராசைப் பார்ப்பதுபோல, பார்த்தாள்.

"வாங்க மேடம்" என்றான் தங்கப்பழம்.

"ஒரு சந்தேகம் கேக்கணும் சார். நேத்து எல்லாரும் எந்திரிச்சுப் போனப்புறம் மஞ்சத் துணியை அவுத்துப் பார்த்தேன். என் பாட்டில்ல தண்ணி கழுத்து வரைக்கும் அப்படியே இருந்துச்சு. உங்க பாட்டில் பாதிதான் இருந்துச்சு."

"பம்ப் சுத்துச்சே மேடம். நீங்களும் பார்த்தீங்களே."

"பெட்ரோல் பங்க்லயும்தான் மீட்டர் சுத்தும். நாங்க மீட்டரைப் பார்த்துட்டா முத்திரை போடுதோம்? அஞ்சு லிட்டர் கேனை வச்சுப் பிடிச்சுல்லா பார்ப்போம்." அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "இந்தப் பெட்டி சரியாச் சொல்லுதான்னு நீங்க எப்படிப் பார்ப்பீங்க?"

தங்கப்பழம் காட்டினான். பெட்டிக்குள்ளேயே ஒரு சின்னக் கம்பி இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் அதில் கொஞ்சம் மின்சாரம் பாயும், எவ்வளவு சூடு என்று பெட்டிக்குத் தெரியும், அதையே திரையில் காட்டும். அழுத்தினான். எண் சரியாக வந்து நின்றது. அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"பெட்டிக்குள்ள இருக்க கம்பியை வச்சுப் பெட்டியை அளக்கீங்க" என்றாள் பிரம்மசக்தி. "கடைக்காரரையே உங்க தராசு சரியான்னு கேட்டுட்டு வாரது மாதிரி. வெளிய இருந்து கொண்டாந்து வைக்க எடைக்கல்லு ஒண்ணும் கிடையாதா இதுக்கு?"

தங்கப்பழம் கையில் இருந்த குப்பியை மறுபடி கழுவினான். அது ஏற்கெனவே கழுவிய குப்பி.

"இருக்கு" என்றான். "புஸ்தகத்துல போட்டிருக்கு. ஏ பக்கம் மருந்து கெடாம இருக்கப் போடுத ஒரு பொடியைக் கரைச்சு ஊத்தணும், பி பக்கம் காஸ்டிக் சோடா. ரெண்டும் உள்ள சேர்ந்தா இவ்வளவு சூடு வரணும்னு கணக்கு இருக்கு. அமெரிக்காவுல செஞ்சாலும் அதுதான், ஆழ்வார்குறிச்சியில செஞ்சாலும் அதுதான். மாசத்துக்கு ஒரு தடவை செய்யணும்."

"கடைசியா எப்பச் செஞ்சீங்க?"

"நோட்டுல எல்லா மாசமும் செஞ்சதா இருக்கு."

"நோட்டை நான் கேக்கல சார்."

தங்கப்பழம் குப்பியைக் கீழே வைத்தான். "அதுக்கு அரை நாள் ஆகும் மேடம். அளந்து கரைக்கணும், சொட்டு விழுகுதை எடை போடணும். கம்பிதான் சரியாக் காட்டுதேன்னு விட்டுட்டேன். ஆயுத பூஜையிலிருந்து செய்யல. கையெழுத்து மட்டும் போட்டேன்." இதை அவன் எட்வின் சாரிடம் சொன்னதில்லை, அம்மாவிடம் சொன்னதில்லை, கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணிடம், அதுவும் முத்திரை போடுகிற அதிகாரியிடம், சொல்லிவிட்டு நின்றான். இனி ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். "சரி, பொடியை எடுங்க" என்றாள்.

அவன் பொடியை எடை போடப் போனபோது அவள் தன் பையிலிருந்து ஒரு எடைக்கல்லை எடுத்துக் கொடுத்து முதலில் அந்தத் தராசைச் சோதிக்கவைத்தாள். கரைத்தார்கள். ஏ குழாயை ஒரு குடுவையிலும் பி குழாயை ஒரு குடுவையிலும் விட்டார்கள். பொத்தானை அழுத்தினான். உருளைகள் அழகாகச் சுற்றின. புத்தகம் ஓர் எண்ணைச் சொன்னது, திரை பூஜ்யத்தைச் சொன்னது. காஸ்டிக் சோடாவும் பொடியும் சேர்ந்தால் சூடு வராமல் போனதாக உலகத்தில் எங்கும் சரித்திரம் கிடையாது. தங்கப்பழம் முதல் முறையாகப் பம்புக்கு முன்னால் குனிந்தான்.

பி குழாயை உருளையோடு அழுத்திப் பிடிக்கும் கொக்கி அரை விரல்கடை தூக்கிக்கொண்டு நின்றது. அதன் பல்லுக்குள் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது, மேலே குங்குமம். அதன் பிறகு அந்தக் கொக்கியை யாரும் தொடவில்லை. இந்த அதிசயமே சந்தனம் வைத்த அன்றிலிருந்துதானே வந்தது, அதைப் போய் யாராவது துடைப்பார்களா. கூட்டிப் பெருக்குகிற இசக்கிகூட அதைச் சுற்றித்தான் துடைப்பாள். உருளை எட்டு மாதமாகச் சும்மா சுற்றியிருக்கிறது. பி பக்கத்திலிருந்து ஒரு சொட்டுகூட உள்ளே போனதில்லை.

அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பழைய பல் பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டி, கொக்கியை அழுத்தினான். டக் என்று உட்கார்ந்தது. காஸ்டிக் சோடா குழாயில் மெல்ல ஊர்ந்து போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் எண் எழும்பியது, ஏறியது, புத்தகத்தில் போட்டிருந்த இடத்துக்கு வந்து நின்றுகொண்டது.

"இப்ப இது பேசலாம்" என்றாள் பிரம்மசக்தி.

தங்கப்பழத்துக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. "அப்ப இத்தனை நாளா ஏ மட்டும்தான் போயிருக்கு. ஏ தண்ணியே சுத்தி வந்து ஏ தண்ணியோட கலந்திருக்கு."

"ஆமா. மாமியாரு தன்னோட தானே கொதிச்சிருக்கா. மாப்பிள்ளை தன்னைத் தானே பார்த்துக் கொஞ்சியிருக்கான். உங்க மாசானம் அண்ணாச்சிக்கு அவரோடதான் நூத்தி நாப்பது. தம்பி பாவம், பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு சும்மா உக்கார்ந்திருந்திருக்காரு."

பின்னால் தங்கப்பழம் எட்வின் சாரிடம் நோட்டைக் காட்டி ஏச்சு வாங்கி, ஊருக்கும் இது தெரிந்தபோது, எல்லாரும் எதிர்பார்த்ததுபோல ரகளை நடக்கவில்லை. ஒரு வாரத்துக்கு மாமியார்கள் வெளியே தலைகாட்டவில்லை. மாசானம் அண்ணாச்சி தானே கடப்பாரையை எடுத்து மில்லுச் சுவரை இடித்தார், ஏன் என்று கேட்டவர்களிடம் காத்து வரல என்றார். இசக்கிக்கும் துரைராசுவுக்கும் தையிலேயே கல்யாணம் முடிந்திருந்தது; அந்த முப்பத்தாறு உனக்குள்ளேயே வந்த சூடுதானாம் என்று அவளைச் சீண்டியபோது, "ஆமா, எனக்குள்ளதான். யாரை நெனச்சு வந்துச்சுன்னு எவளாவது கேட்டீங்களா?" என்று விளக்குமாற்றைத் தட்டிக்கொண்டு போனாள். அதெல்லாம் பிறகு.

அந்தச் சனிக்கிழமை தங்கப்பழம் கேட்க வேண்டியதைக் கேட்டான். "அப்ப நேத்து வந்த பூஜ்யம்?"

"உங்களுக்கும் உங்களுக்கும்" என்றாள் அவள். "எட்டு மாசமா ஊர்ல ஏ பக்கம் உக்கார்ந்த அத்தனை பேரும் தன்னோட தானே எரிஞ்சிருக்காங்க. எரியாம உக்கார்ந்த ஆளு நீங்க ஒருத்தர்தான்." அவன் முகம் மலர்வதற்கு இடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள், "பொய்க் கையெழுத்துப் போட்டுட்டு அது எப்படி சார் அவ்வளவு நிம்மதி?"

"இப்ப வச்சுப் பாருங்க மேடம். இருநூறைத் தாண்டும்."

அவள் சிரித்தாள். எடைக்கல் பையைத் தரையில் இறக்கி வைத்தாள். அதைப் பார்த்துத் தைரியம் வந்து அவன் குழாய்களைக் காஸ்டிக் போகக் கழுவி, சலைன் பாட்டில் இரண்டில் புதுத் தண்ணீரைக் கழுத்து வரை ஊற்றி வந்தான். இருவரும் சைக்கிள் ஷெட்டில், மஞ்சள் துணி இல்லாமல், ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காபி டம்ளர் நூற்று இருபது மில்லி என்று அவள் சொன்னாள். அவள் வந்த அன்று அம்மா தனக்குத் திருநீறு பூசியதை அவன் சொன்னான். பெட்ரோல் பங்க்காரர் ஒருவர் அவளுக்குப் பயந்து வேப்பமரத்தில் ஏறியதை அவள் சொன்னாள். மணி ஐந்தானது.

உள்ளே போய் அவன் ஏ குழாயைக் கையில் எடுத்தான். பாட்டிலில் விடாமல் விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். இனி வருகிற எண்ணுக்குச் சாக்குச் சொல்ல முடியாது, பெட்டி இப்போது சரியாக இருக்கிறது, ஒன்பது வந்தால் ஒன்பதுதான்.

"பயமா இருக்கா?"

"ஆமா" என்றான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அது எம்புட்டுன்னு இதுக்கிட்டக் கேக்கத்தான் பயமா இருக்கு."

பிரம்மசக்தி கை நீட்டி அவனுடைய பாட்டிலை வாங்கினாள். குழாயை விடப்போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் மூடியைத் திருகி, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தாள். சோதனைக்கூடத்தில் எதையும் குடிக்கக் கூடாது என்று தங்கப்பழம் தன் கையாலேயே சிவப்பு மையில் எழுதி ஒட்டிய அட்டை அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது. அவள் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, தன் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இதுல சூடு எவ்வளவுன்னு எப்படித் தெரியும் மேடம்?"

"குடிச்சுட்டுச் சொல்லுங்க. மேடம்னு சொல்லுததை விட்டுட்டுச் சொல்லுங்க."

தங்கப்பழம் பாட்டிலை எடுத்தான், எழுதி ஒட்டிய அட்டையை ஒரு தடவை பார்த்துக்கொண்டான், குடித்தான். மாமாவுக்கு நானே போன் போட்டுச் சொல்லிக்கிடுதேன் என்று அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது, ஆனால் பதில் சொல்ல வாய் ஒழியவில்லை. எட்டு மாதமாக ஒரு சொட்டுக் குறையாமல் இருந்த பி பாட்டில் அன்றைக்குத்தான் காலியானது.